ஆறாத புண்ணுக்கு அவித்த கரட்

கால் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய எங்கள் ஆட்கள் பலர், "நல்லாய்ப் பாத்தவை, குறை சொல்லக்கூடாது" என்று கதையை முடித்துவிடுவார்கள். என்னையும் நன்றாகத்தான் பார்த்தார்கள். கழுவினார்கள், வெட்டினார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். என் தட்டை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். வயது எழுபத்தெட்டு. மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் மகள் வாசுகியின் வீட்டில் மனைவி மங்கையுடன் இருக்கிறேன். பெயர் சிவபாதம். "பேரிலயே பாதம் இருக்கு, வருத்தமும் பாதத்திலதான் வந்து நிக்குது" என்று மங்கை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீரிழிவு எனக்கு நெடுங்காலத் துணை. அது நீண்ட காலம் உடம்பில் இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். சூடு தெரியாது, குத்துத் தெரியாது. நோகாத கால் நல்ல கால் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். நீரிழிவுக்காரனுக்கு நோகாத கால்தான் ஆபத்தான கால்.

மாரியில் உறைந்த நடைபாதையில் ஆட்கள் வழுக்கி விழாமல் பொடிக்கல் தூவுவார்கள். அதில் ஒன்று என் சப்பாத்துக்குள் போயிருக்கிறது. அந்தக் கல்லோடு பஸ் ஏறினேன், நூலகம் போனேன், மெற்றோ ஏறினேன், கடைக்குப் போனேன், வீட்டுக்கும் வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலுறையைத் தோய்க்க எடுத்த மங்கைதான் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன ரத்தம்?"

"எங்க ரத்தம்? எனக்கு ஒண்டும் நோகேல்லை."

"நோகேல்லை எண்டா ரத்தம் வராதோ? காலைத் தூக்குங்கோ!"

வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு துளை. பிளாஸ்ரர் ஒட்டினோம். அடுத்த கிழமை விரல் கறுத்து, அறை முழுக்க ஒரு மணம் வந்தது. வாசுகி வேலைக்குப் போகாமல் என்னைக் காரில் ஏற்றினாள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருக்கும் கூடத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிரெஞ்சில் "மொஸ்யூ சீபாதாம்", அதாவது திருவாளர் சீபாதாம், என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ அரபுக்காரர் போல என்று நானும் சுற்றிப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். வாசுகி தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, உங்களை இன்னும் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டபோதுதான் அந்தச் சீபாதாம் நான்தான் என்று பிடிபட்டது. வரிசையின் கடைசிக்குப் போனேன். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பதியும்போதே உங்கள் பெயரை அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சோதனைகள். எக்ஸ்ரே, ஸ்கான், இரத்தம். காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு சிறிய கருவியைக் கணுக்காலில் வைத்தார்கள். உள்ளே இரத்தம் ஓடுவது சத்தமாய்க் கேட்கும். இடது காலில் நல்ல துடிப்பு. வலதில் மெல்லிய துடிப்பு, ஆனால் இருந்தது. "இது நல்ல செய்தி" என்றார் அறுவைச் சிகிச்சை டொக்டர். என் மகளின் வயதுப் பெண். ஆங்கிலம் பேசுவார், அதனால் அவரோடு நேராகக் கதைக்க முடிந்தது. கெட்ட செய்தி, கிருமி விரல் எலும்புக்குள் இறங்கியிருந்தது. பெருவிரலை எடுத்தார்கள். சுற்றியிருந்த செத்த சதையையும் சுரண்டி எடுத்து, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். அடியிலிருந்து புதுச்சதை முளைத்துத் தானாக மூட வேண்டுமாம். அது சிவப்பாய், மாதுளை முத்துப் போல் மணிமணியாய் வரவேண்டுமாம்.

வரவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் தாதியின் முகத்தைப் பார்ப்பேன். புண்ணில் மஞ்சள், சாம்பல், ஈரம். சிவப்பு இல்லை.

ஒரு காலை டொக்டர் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார். "இரத்த ஓட்டம் போதும். கிருமிக்கு மருந்து வேலை செய்கிறது. சீனியும் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் புண் அசையவில்லை. வருகிற வியாழன் பார்ப்பேன். அப்போதும் இப்படியே இருந்தால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டிவரும்."

முன்பாதி. நான் மனதில் என் பாதத்தை இரண்டாக வகுத்துப் பார்த்தேன். குதிக்கால் மட்டும் மிச்சம் வரும். அதை வைத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸில் பஸ் ஏற முடியாது.

"ஏன் ஆறவில்லை?" என்று கேட்டேன்.

"உங்கள் இரத்தத்தில் ஆல்புமின் மிகவும் குறைவு" என்றார். ஆல்புமின் என்பது இரத்தத்தில் மிதக்கிற ஒரு புரதம். கிருமி இருந்தாலும் அது குறையும், சாப்பாடு காணாவிட்டாலும் குறையும், அதனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் என் எடையும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. "புதுச்சதை கட்டப் புரதம் வேண்டும். கல்லில்லாமல் வீடு கட்ட முடியாது. உணவு ஆலோசகரை அனுப்புகிறேன்."

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

வார்ட்டுக்கு வந்த முதல் நாளே சமையலறையிலிருந்து ஒரு பெண், கையில் ஒரு சிலேட்டுக் கணினியுடன் வந்தார். நல்ல சிரித்த முகம். அரைகுறை ஆங்கிலத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் பரம்பரைச் சைவம். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, மிருகத்துச் சாமான் ஒன்றும் வேண்டாம். பிறகு, படித்தவன் என்ற நினைப்பில், ஒரு நல்ல ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டேன். "லெகியூம்ஸ். நிறைய லெகியூம்ஸ்." பருப்பு, பயறு, கடலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் அதுதான் சொல். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்த சொல்.

"ஆ, லெகூம்!" அவர் முகம் மலர்ந்தது. "பொக்கூ த லெகூம். பர்ஃபே!"

நிறையத் தருகிறேன், நல்லது என்கிறார் என்று விளங்கியது. எவ்வளவு கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூடியைத் திறந்தால் அவித்த கரட், அவித்த புரொக்கொலி, மசித்த உருளைக்கிழங்கு, ஒரு வெள்ளைப் பாண் துண்டு. இரவும் அதே. அடுத்த நாளும் அதே. தயிர் இல்லை, பால் இல்லை. நீரிழிவுக்காரன் என்று நிறுத்தியிருக்கிறார்கள் ஆக்கும் என்று பேசாமல் இருந்தேன். மிருகத்துச் சாமான் வேண்டாம் என்றதில் பாலையும் அடக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் தாதியைக் கூப்பிட்டேன்.

"என் லெகியூம்ஸ் எங்கே?"

அவர் மூடியைத் தூக்கிக் கரட்டைக் காட்டினார். "வுவாலா! லெகூம்."

என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். "இது லெகியூம்ஸ் இல்லை! எனக்கு லெகியூம்ஸ் வேண்டும்!" என்று சத்தம் போட்டேன். பாவம், ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். கரட். அடுத்த நாள் இன்னும் பலமாகக் கத்தினேன். இரண்டு கிண்ணம் வந்தது. கோபம் கூடக் கூடக் கரட் கூடியது. என் கட்டில் தலைமாட்டில் யாரோ ஏதோ எழுதி ஒட்டியும் விட்டார்கள். பிரெஞ்சில் இருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. "மொஸ்யூவுக்கு மரக்கறி நிறைய விருப்பம்" என்று அதில் எழுதியிருந்ததாம்.

வீட்டிலிருந்து சாப்பாடு வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது. வாசுகி சென்ட் லோரன்ட்டில் மருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து பியர்பொன்ட்ஸ் போய், தாயை ஏற்றிக்கொண்டு, பனிக்குள் திரும்பவும் நகரத்துக்கு ஓடிவருவாள். வந்ததும் கோட்டைக் கழற்ற முன்னரே, "மற்றக் காலைக் காட்டுங்கோ அப்பா" என்பாள். தொலைபேசி வெளிச்சத்தில் என் இடது பாதத்தின் ஒவ்வொரு விரலிடுக்காய்ப் பார்த்து, கிறீம் பூசிவிட்டுத்தான் இருப்பாள். ஒரு நாளும் தவறவில்லை.

மங்கை இடியப்பம், தண்ணிச் சொதி, மிளகு ரசம் கொண்டுவருவாள்.

"கொஞ்சம் பருப்புக் கறி வைச்சுக்கொண்டு வாருமன்" என்றேன்.

"புண்காரனுக்கு ஆரும் பருப்புக் குடுப்பினமோ? வாயு. உழுந்தும் வாயு, கடலையும் வாயு. கத்தரிக்காய் கிரந்தி. ஆறும் வரைக்கும் பத்தியம்தான். என்ரை அம்மா சொன்னதை நான் மாத்தமாட்டன்."

கிரந்தி என்றால் புண்ணைச் சீழ் பிடிக்கவைக்கும் சாப்பாடு என்று எங்கள் ஆட்கள் சொல்வது. ஆக, ஆஸ்பத்திரி எனக்குக் கரட் தந்தது, மனைவி ரசம் தந்தாள். இரண்டு பக்கமும் அன்பாகத்தான் தந்தார்கள். நடுவில் என் கால் பட்டினி கிடந்தது.

டொக்டர் வியாழன் பார்ப்பேன் என்று கெடு சொன்ன அதே நாள் பின்னேரம், வெறுமையாய் இருந்த பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயதிருக்கும், கறுத்து உயர்ந்த மனிதர். இடது காலில் இரும்புக் கம்பிகள். சென்ட் லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து காலில் விழுந்து, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டிலுக்கு மாற்றும்போது நோவில் அவர் கத்தினார்: "ஹாபா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாபா என்பது ஹௌசா மொழி. 'என்ன இது, கொஞ்சமும் நியாயமா' என்று அதற்குப் பொருள். இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போன காலத்தில், நானும் வட நைஜீரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்தவன். வகுப்பில் கணக்குப் பிழைத்த பிள்ளைகள் சொல்லும் சொல் அது.

"சன்னு" என்றேன். வணக்கம் போல ஒரு சொல்.

அவர் நோவை மறந்து தலையைத் திருப்பினார். "நீர் எந்த ஊர்?"

"இலங்கை. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தேன்."

"மாலம்!" என்று கையை நீட்டினார். மாலம் என்றால் வாத்தியார். நாற்பது வருடத்துக்குப் பிறகு என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டார்.

அவர் பெயர் மூஸா. நைஜர் நாட்டவர். நைஜீரியாவுக்கு வடக்கே ஒட்டியிருக்கிற நாடு அது. எல்லையின் இரண்டு பக்கமும் ஹௌசா பேசுவார்கள், ஆனால் ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், மறு பக்கம் பிரெஞ்சு. அவருக்கு ஆங்கிலம் இல்லை, எனக்குப் பிரெஞ்சு இல்லை. ஆகவே மொன்றியலில் ஒரு யாழ்ப்பாணத்தானும் ஒரு நைஜர்காரரும் உடைந்த ஹௌசாவில் கதைத்துக்கொண்டு கிடந்தோம். தாதிமார் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் சொன்னதை நான் இங்கே என் தமிழில் தருகிறேன்.

முதல் சாப்பாட்டு நேரத்திலேயே என் தட்டை எட்டிப் பார்த்தார். "என்ன மாலம், முயலாய் மாறப் போறீரோ?"

"இறைச்சி தின்ன மாட்டேன். இவங்கள் வேறொன்றும் தருகிறாங்கள் இல்லை."

"நானும் இவங்கட இறைச்சி தின்னன், ஹலால் இல்லை. என்ர மனுசி வருவா, பாரும்."

அடுத்த நாள் அவர் மனைவி ஹதீசா வந்தார். மஞ்சள் தலைத்துணி, பெரிய குளிர்கோட்டு, கையில் மூன்று அடுக்குப் பாத்திரம். திறந்ததும் மணம் வந்தது. கோசை! எங்கள் தோசையோடு சேர்த்து நான் அங்கே பகிடி பண்ணும் சொல். ஆனால் பண்டம் வடை. கௌப்பியை, அதாவது தட்டைப்பயறை, ஊறவைத்து, தோலை உரசி நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, நுரைக்க அடித்துப் பொரிப்பது. அடுத்த அடுக்கில் கச்சான் என்கிற நிலக்கடலையின் புண்ணாக்கைப் பொடித்துப் பிசைந்த முருங்கையிலை. மூன்றாவதில் தினைமா உருண்டை கரைத்த தயிர். நைஜீரியாவில் தனியாகச் சமைக்கத் தெரியாத சைவக்காரன் ஒருவன் ஒன்பது வருடம் உயிர் வாழ்ந்தது இவற்றால்தான். வாழ்ந்தது மட்டுமில்லை, கொழுத்தேன். ஊருக்கு வந்தபோது என் கழுத்துப் பட்டன் பூட்டவில்லை.

மூஸா முதல் கோசையை வாயருகில் கொண்டுபோகும்போதுதான் உணவு ஆலோசகர் வந்தார். கழுத்தில் அட்டை தொங்கும் இளம் பெண். மூஸாவின் கோப்பைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், ஹதீசாவோடு பிரெஞ்சில் கதைத்தார். ஹதீசாவின் முகம் சுருங்கியது. மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடத் தொடங்கினார்.

"என்ன சொல்கிறா?" என்று மூஸாவைக் கேட்டேன்.

"எங்கட சாப்பாட்டிலை மா மட்டும்தானாம். எலும்பு ஒட்ட இது காணாதாம். இதைக் கொண்டு வரவேண்டாமாம். போத்தலிலை ஒரு பால் இருக்குதாம், அதைக் குடிக்கட்டாம்."

எனக்குப் புண்காலையும் மறந்துபோனது. எழுந்து இருந்தேன்.

"அம்மணி, ஒரு நிமிடம்" என்றேன் ஆங்கிலத்தில். "அந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா?"

"பொரித்த மா" என்றார். "நான் அவமதிக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாரம்பரியச் சாப்பாட்டில் மாப்பொருள் கூட, புரதம் குறைவு. இவருக்கு இப்போது…"

"ஆப்பிரிக்கச் சாப்பாடு! அது எத்தனை தேசம் என்று தெரியுமா? ஐரோப்பியச் சாப்பாடு புரதம் குறைவு என்று நான் சொன்னால் எந்த ஐரோப்பா என்று கேட்க மாட்டீர்களா? அது மா இல்லை. பயறு. காய்ந்த கௌப்பி நூறு கிராமில் கிட்டத்தட்ட கால்வாசி புரதம். கச்சானும் அப்படித்தான். தினையில் பத்தில் ஒரு பங்கு. தானியத்தில் குறைகிறது பயறில் இருக்கிறது, பயறில் குறைகிறது தானியத்தில் இருக்கிறது, அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தின்கிறார்கள். மேலே தயிர். அந்தச் சனத்துக்கு இது உங்கள் அட்டவணை வரமுன்னரே தெரியும். நீங்கள் சொல்கிற போத்தலில் என்ன இருக்கிறது? வாசியுங்கள்! சீனி!"

என் குரல் நடைபாதை வரை போயிருக்க வேண்டும். எதிர் அறைக்காரர் கதவைச் சாத்தினார்.

அந்தப் பெண் பயப்படவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "நான் இவரிடம் கேட்டேன்" என்றார். "வேலை நாட்களில் என்ன சாப்பிடுவீர்கள் என்று. 'சோறு' என்றார். நான் சோறு என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?"

மூஸாவிடம் கேட்டேன். அவர் கம்பிக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உண்மைதான் மாலம். களஞ்சியத்திலை எங்கை நேரம்? பெட்டி நிறையச் சோறு, மேலை ஒரு கரண்டி குழம்பு. கோசை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்."

எங்கள் ஆட்களும் அப்படித்தானே. "சோறு திண்டாச்சோ?" என்றுதான் கேட்போம். கறி என்ன, பருப்பு எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. பாரம்பரியச் சாப்பாட்டில் புரதம் இல்லை என்பது பொய். ஆனால் சோற்றை மலையாய்க் குவித்துக் கறியைக் கரண்டியால் தொட்டுவிட்டு அதைப் பாரம்பரியம் என்று சொல்வதும் பொய்தான். பயறு இருந்தால் மட்டும் காணாது. அளவு இருக்க வேண்டும். மூன்று வேளையும் இருக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொன்னேன். உணவு ஆலோசகர் கேட்டுக்கொண்டு நின்றார். ஹதீசாவிடம் ஒரு கோசையை வாங்கிப் பிய்த்துப் பார்த்தார், கடித்தும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்ததாக உங்களிடம்தான் வர இருந்தேன். இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் பயறு சாப்பிடுவதில்லை? உங்கள் பதிவில் மரக்கறி மட்டும் கேட்டதாக இருக்கிறது. இரட்டிப்பு மரக்கறி. பிறகு மூன்று மடங்கு."

"நான் கேட்டேனா? வந்த நாள் முதல் லெகியூம்ஸ், லெகியூம்ஸ் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்! உங்கள் சமையலறையைக் கேளுங்கள்!"

மூஸாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. "லெகூமா?" என்றார். "மாலம், நீர் இவங்களிட்டை லெகூம் கேட்டீரோ?"

"ஓம்! வாக்கே, வாக்கே!" ஹௌசாவில் பயறுக்கு அதுதான் சொல்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கம்பி அசைந்து நோக, கத்திக்கொண்டே சிரித்தார். "ஹாபா மாலம்! பிரெஞ்சிலை லெகூம் எண்டா வாக்கே இல்லை. இலை, கிழங்கு, கரட்! வாக்கேக்குச் சொல் வேறை. லெகூமினேஸ்!"

ஹதீசா வாயைப் பொத்திக்கொண்டார். உணவு ஆலோசகர் சிரிக்கவில்லை. கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியென்றால் இவ்வளவு நாளும்…" என்று தொடங்கி நிறுத்தினார்.

நான் கட்டிலில் இருந்து கணக்குப் போட்டேன். எனக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிராம் அளவில் புரதம் வேண்டும் என்று அவர் சொன்னார். பாண், கிழங்கு, இடியப்பம் எல்லாம் கூட்டினாலும் எனக்குக் கிடைத்தது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரு சொல்லின் வால் குறைந்ததால் என் பாதத்தின் முன்பாதி போகப் பார்த்தது. சொன்னவன் நான்தான். ஆனால் ஒரு நீரிழிவுக்காரன், புண்காரன், தினமும் மூன்று கிண்ணம் கரட் கேட்கிறான், எடை இறங்குகிறது. ஏன் என்று கேட்க இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. கத்துகிற கிழவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கத்தல் நிற்க என்ன கொடுக்கலாம் என்றுதான் பார்த்தார்கள்.

ஹதீசா எழுந்து வந்து, மூடிய பாத்திரத்தைத் திறந்து, நாலு கோசையை என் கரட்டுக்கு மேல் வைத்தார்.

அன்று பின்னேரம் மங்கை வந்து பார்த்தபோது நான் முருங்கையிலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"ஐயோ, இதென்ன? கச்சானெல்லோ! புண்ணுக்குக் கச்சானோ?"

"இஞ்சாரும், வாயுவும் கிரந்தியும் பாத்துக்கொண்டிருந்தா வியாழக்கிழமை காலை வெட்டுவினம். உமக்கு எது வேணும், பத்தியமோ பாதமோ?"

அவள் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதாள். நான் மொட்டையாகச் சொல்லியிருக்கக்கூடாது. வாசுகி கோசையை எடுத்துத் தாயின் வாயில் திணித்தாள். மங்கை மென்றாள். கண்ணைத் துடைத்தாள்.

"இது எங்கட வடைதானே" என்றாள். "உப்புக் கொஞ்சம் காணாது."

அடுத்த நாள் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வந்தார்கள். பொதுமொழி ஒன்றும் இல்லை. மங்கை தமிழிலும் ஹதீசா ஹௌசாவிலும் கதைத்தார்கள். பொரித்தது வேண்டாம், அவித்தது நல்லது என்று உணவு ஆலோசகர் சொன்னதும், ஹதீசா அதே மாவைக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் அவித்துக் கொண்டுவந்தார். மங்கை அதைத் தட்டிப் பார்த்து, "இட்டலிக்கு அக்கா முறை" என்றாள். பிறகு தானே கௌப்பி வாங்கி ஊறப்போட்டாள். காலையில் தயிரும் தினையும், மத்தியானம் பருப்பும் கீரையும், பின்னேரம் ஒரு கை கச்சான், இரவு அவித்த கௌப்பி. ஒவ்வொன்றையும் நான் எண்ணித்தான் தின்றேன். பசியே இல்லை. பயத்தில் விழுங்கினேன். உணவு ஆலோசகரும் தினமும் வந்து பார்த்தார். சீனி ஏறவில்லை, சிறுநீரகம் தாங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் ஹதீசாவிடம் செய்முறை கேட்டு எழுதினார். ஆப்பிரிக்கர் இவ்வளவு பேர் வாழும் நகரத்தில் அவர் படித்த பள்ளிக்கூடம் அதை ஏன் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை? அந்தக் கோபம் இப்போது அவர் மேல் இல்லை, பள்ளிக்கூடத்தின் மேல்.

வியாழன் வந்தது. டொக்டர் கட்டைப் பிரித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு செத்த காலில் அவர் தொட்டாரா, வெட்டினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? மூஸா அடுத்த கட்டிலில் ஓதிக்கொண்டிருந்தார்.

"பாருங்கள்" என்றார் டொக்டர். கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்தார். குழியின் ஒரு கரையில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு. மணிமணியாய். பஞ்சால் தொட்டதும் இரத்தம் கசிந்தது. என் வாழ்க்கையில் இரத்தத்தைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"வெட்டவில்லை" என்றார். "இன்னும் ஒரு கிழமை தருகிறேன்."

அடுத்த கிழமை சிவப்பு முழுக் குழியையும் பிடித்துவிட்டது. "இனி வெட்டுப் பற்றிப் பேச்சில்லை" என்றார் டொக்டர். கௌப்பிதான் காலைக் காப்பாற்றியது என்று நான் எழுத மாட்டேன். மருந்து இருந்தது, இரத்த ஓட்டம் இருந்தது, கத்தி இருந்தது. கேட்டபோது டொக்டர் சொன்னது இதுதான்: "அவை எல்லாம் முன்பும் இருந்தன."

குதிக்காலில் மட்டும் பாரம் கொடுக்கும் ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு, கழிப்பறை வரை நடைவண்டியோடு போகலாம் என்றார்.

அன்று மத்தியானம் தட்டு வந்தது. வாயெல்லாம் பல்லாக மூடியைத் திறந்தேன்.

அவித்த கரட். பன்னிரண்டு துண்டு.

இவ்வளவு நாளும் வீட்டுச் சாப்பாடுதான்; அன்றிலிருந்து ஆஸ்பத்திரித் தட்டிலும் பயறு வரட்டும் என்று உணவு ஆலோசகர் மாற்றி எழுதியிருந்தார். அவருக்கு அன்று லீவு. சமையலறையில் யாரோ 'லெகூமினேஸ்' என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து லெகூம் என்று திருத்திவிட்டார்களாம். இதைப் பிறகு அறிந்தேன்.

மூஸா என் முகத்தைப் பார்த்தார். "சை ஹக்குரி, மாலம்" என்றார். பொறுமைதான் வழி என்று பொருள். அந்த ஊரில் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள்.

"பொறுமையா?" என்றேன். "பொறுமையிலைதான் என்ர கால் போகப் பாத்தது."

மணியை அழுத்தவில்லை. மணியை அழுத்தினால் இன்னொரு கிண்ணம் வரும். சப்பாத்தை இறுக்கினேன். இரண்டு காலையும் நிலத்தில் வைத்தேன். நடைவண்டியின் இருக்கையில் கரட் தட்டை வைத்து, கழிப்பறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, குதிக்காலில் ஊன்றி ஊன்றி நடைபாதை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனேன். தாதிமார் மேசையை விட்டு எழுந்து நின்றார்கள். பெருவிரல் போன பிறகு நான் நடந்த முதல் நடை அது. தட்டை மேசையில் வைத்து, ஹதீசா சொல்லித்தந்த உச்சரிப்பில், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்:

"லெ. கூ. மி. னேஸ்."